கட்டிலுக்கடியில் இரண்டாம் சாட்சி

மோகனூரில் குழந்தைவேலின் வீட்டுக்குள் கொள்ளைக்காரன் நுழைந்தது ஒரு மாசி மாதத்து மத்தியானம். குழந்தைவேல் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உள்ளறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நாமக்கல்லில் 'வேங்கை செக்யூரிட்டி' என்ற பெயரில் கோழிப்பண்ணைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் காவலாட்களை அனுப்புவது அவர் தொழில். சராசரி உயரம்தான், ஆனால் மீசை மட்டும் இன்னும் பெரிய ஆளுக்கென்று வளர்ந்தது போல இருக்கும். புதிதாகச் சேரும் காவலாட்களுக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்பது எப்படி என்று அவரே நின்று காட்டுவார்.

கூடத்தில் ஓர் ஆணின் குரல் கேட்டது.

"அக்கா, சத்தம் போடாதீங்க. கையில கத்தி இருக்குது."

அறையின் மூலையில் பித்தளைப் பூண் போட்ட தடி ஒன்று சாத்தி வைத்திருந்தது. குழந்தைவேல் அதைப் பார்த்தார். பிறகு நடந்ததை அவரே தீர்மானித்ததாகச் சொல்ல முடியாது, உடம்புதான் தீர்மானித்தது. அடுத்த நொடி அவர் கட்டிலுக்கு அடியில், சின்ன வெங்காய மூட்டைக்கும் பழைய டிரங்குப் பெட்டிக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார்.

அவர் மனைவி கோகிலவாணியை முன்னால் விட்டுக் கொள்ளைக்காரன் உள்ளே வந்தான். தலையில் குரங்குக் குல்லாய், மூக்குக்குக் கீழே கைக்குட்டை, கண் மட்டும் தெரிந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டிருந்தான். கத்தியோடு வந்தவனுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. பீரோவில் துணிமணியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. கோகிலவாணியின் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றச் சொன்னான். அதன் திருகு இறுகிப்போயிருந்தது. அவள் திருகத் திருக அது அசையவே இல்லை.

"நிதானமாவே கழட்டுங்கக்கா, இழுத்து அத்துப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

அது நைலான் நாடாக் கட்டில். நாடா தொய்ந்து அப்படியே குழந்தைவேலின் முதுகில் இறங்கியது. அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வெளியே வந்துவிட்டது.

"கீழ என்னக்கா சத்தம்?"

"பூனைங்க. குட்டி போட்டிருக்குது" என்றாள் கோகிலவாணி. யோசிக்கவே இல்லை. கொள்ளைக்காரனுக்கும் அவள் வாய் 'ங்க' போட்டது.

மனைவி இவ்வளவு சொன்ன பிறகு சும்மா கிடப்பது முறையில்லை என்று குழந்தைவேலுக்குப் பட்டது. மெல்லமாக ஒரு தரம், "மியாவ்" என்றார். மோசமாக இல்லை.

"பசிக்குதாட்ட இருக்குது, பாவம்" என்றான் மேலே இருந்தவன்.

வெங்காய நெடியில் கண் எரிந்தது. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அவனுடைய இரண்டு பாதங்கள் இருந்தன. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் குழந்தைவேல் அவற்றையே பார்த்தார். வலது காலில் கட்டைவிரலின் மேல் அடுத்த விரல் ஏறி உட்கார்ந்திருந்தது, தேர் பார்க்க அப்பன் தோளில் ஏறிய பிள்ளை மாதிரி. திருகு கழன்று, சங்கிலி கை மாறி, அந்த விரல் எழுந்து நடந்து வாசலைத் தாண்டும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

பைக் கிளம்பும் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். தலைமயிரில் வெங்காயச் சருகு. தடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, "புடிங்க, புடிங்க!" என்று கத்தினார். ஆட்கள் கூடினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது, முழங்கை கட்டில் காலில் உரசி ரத்தம் கசிந்தது.

"மல்லுக் கட்டுனீங்களாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"ம்" என்றார் குழந்தைவேல்.

அந்த 'ம்' சாயங்காலத்துக்குள் வளர்ந்து ஆளாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, குழந்தைவேல் கொள்ளைக்காரனைக் கீழே தள்ளியிருந்தார், குல்லாயைப் பிடுங்கி முகத்தைப் பார்த்திருந்தார், கத்திக்குத் தப்பியிருந்தார்.

"அப்போ உங்க வீட்டம்மாவும் முகத்தைப் பாத்திருப்பாங்களே?"

குழந்தைவேல் இதை எதிர்பார்க்கவில்லை. "அவ... அவ மயங்கி உழுந்துட்டாளுங்க" என்றார்.

கோகிலவாணி அப்போது இன்ஸ்பெக்டருக்கு டீ கொண்டுவந்து நின்றாள். கணவனை ஒரு பார்வை பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளை விசாரித்தபோது, குல்லாய் போட்ட ஆள் சங்கிலியை வாங்கிப் போனான், முகம் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பேப்பரில் செய்தி வந்தது. ஊர் நடைப்பயிற்சி சங்கத்தார் குழந்தைவேலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதலாளியே இப்படி என்றால் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று புதிதாகச் சில பண்ணைக்காரர்கள் காவலுக்கு ஆள் கேட்டார்கள். கோகிலவாணிக்கு வந்ததோ பேரீச்சம்பழம். பக்கத்து வீட்டு சௌந்திரம் பீட்ரூட் கொண்டுவந்து கொடுத்து, ரத்தம் ஊறினால்தான் மயக்கம் நிற்கும் என்றாள். எதிர்வீட்டுக்காரி முருங்கைக்கீரைச் சாறு பிழிந்து அனுப்பினாள். நிறைந்த கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாக உருட்டிப் போகிறவள் கோகிலவாணி. அவளைத் தெருவே கைத்தாங்கலாக நடத்தியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கணவனிடமும் 'சோறு', 'தண்ணி', 'கரண்ட் பில்லு' என்ற அளவோடு பேச்சை முடித்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்துப் பள்ளிபாளையத்தில் வேறொரு வழக்கில் அன்பு என்கிற ஒருவன் பிடிபட்டான். மோகனூர் சங்கிலியைப் பறித்ததும் தான்தான் என்று போலீசிடம் சொன்னான். சங்கிலி எப்போதோ உருகிப் போயிருந்தது. போலீசிடம் சொன்னதைக் கோர்ட் ஏற்காது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகத்தான் வந்தார்.

"நீங்க முகத்தை நேருக்கு நேரா பாத்தவரு. உங்களை வெச்சுத்தான் சார் இந்தக் கேஸே நிக்குது. ஜெயில்ல அடையாள அணிவகுப்பு. வந்து ஆளைத் தொட்டுக் காட்டினாப் போதும்."

அன்று முதல் குழந்தைவேலுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காத முகத்தை எப்படிக் காட்டுவது?

சிறை முற்றத்தில், ஒரே வயதும் ஒரே நிறமுமாகப் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் யாரும் உள்ளே இல்லை. வேறு ஊரிலிருந்து வந்த நீதித்துறை நடுவர் ஒருவர்தான் அணிவகுப்பை நடத்தினார். பத்து முகங்களும் குழந்தைவேலைப் பார்த்தன. பத்தும் அவருக்கு ஒன்று போலவே இருந்தன. தலை சுற்றிற்று. நிஜமாகவே மயங்கிவிடுவோமோ என்று பயந்து தலையைக் குனிந்தார்.

கைதிகள் எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

குழந்தைவேலுக்கு உயிர் வந்தது. வரிசையை ஒட்டி, தரையில் விழுந்த காசைத் தேடுகிறவர் போல நடந்தார். ஏழாவது ஆளின் வலது காலில் அந்த விரல் அப்பன் தோளில் அப்படியே இருந்தது. பழைய சிநேகிதரைப் பார்த்த பூரிப்போடு அவன் தோளைத் தொட்டார். ஆட்களை இடம் மாற்றி நிறுத்தினார்கள், மறுபடியும் தொட்டார். சட்டைகளை மாற்றிப் போடச் சொன்னார்கள், மூன்றாவது தரமும் தொட்டார்.

நடுவர் பேனாவை மூடாமல் கேட்டார். "நீங்க யார் முகத்தையும் நிமிர்ந்தே பார்க்கலையே?"

"அவன் மூஞ்சியில முழிக்கவே அருவருப்பா இருக்குதுங்கய்யா" என்றார் குழந்தைவேல்.

நடுவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வழக்கு நாமக்கல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அன்புக்காக வாதாடியவர் தனசேகர் என்ற வக்கீல். நடுவரின் அறிக்கையை அவர் ஒரு வரி விடாமல் படித்திருந்தார். அரசு வழக்கறிஞர் அறிவுச்செல்வி. சாட்சி சொல்கிற முறைப்படி கோகிலவாணி முதலில் உள்ளே போனாள். குழந்தைவேல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

அறிவுச்செல்வி சுலபமான கேள்வியோடுதான் ஆரம்பித்தார். "கொள்ளைக்காரன் வந்ததும் பயத்துல நீங்க மயங்கிட்டீங்க, அப்படித்தானே?"

"நான் மயங்கலீங்க."

அறிவுச்செல்வி காகிதத்தைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் தலை சுத்தி..."

"தலையும் சுத்தலீங்க. திருகைக் கழட்டிட்டு நின்னேனுங்க."

"அப்போ உங்க கணவர் என்ன செஞ்சிட்டிருந்தார்?"

"அதை அவரத்தான் கேக்கோணுமுங்க" என்றாள் கோகிலவாணி. தனசேகர் கேட்டபோதும் அதையே சொன்னாள். பிறகு கூண்டிலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைவேல் மீசையை நீவிக்கொண்டு கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார். மல்லுக் கட்டியதைச் சொன்னார், நிறையத் தடவை சொன்ன கதை என்பதால் தங்குதடை இல்லாமல் வந்தது.

"அந்த ஆள் இப்ப இங்க இருக்காரா?"

எதிர்க் கூண்டில் அன்பு நின்றான். அவனைத் தவிர அங்கே நிற்க வேறு ஆளே இல்லை. "அதோ" என்று கையைக் காட்டினால் முடிந்தது. ஆனால் குழந்தைவேலின் கண் தன்னால் கீழே போயிற்று. அன்பு பளபளவென்று கறுப்பு ஷூ போட்டிருந்தான். வக்கீல் வாங்கிக் கொடுத்தது. குழந்தைவேல் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாட்சி ஏன் தரையைப் பார்க்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

"இவருதானுங்க... இவராத்தான் இருக்கோணுமுங்க" என்றார் குழந்தைவேல்.

தனசேகர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவசரப்படவில்லை.

"குல்லாயைப் புடுங்கி முகத்தைப் பாத்தீங்க?"

"ஆமாங்க."

"ரொம்பக் கிட்டத்துல?"

"மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரமுங்க."

"அப்ப கன்னத்துல இருக்கிற மச்சம் நல்லாத் தெரிஞ்சிருக்குமே. எந்தப் பக்கம்?"

குழந்தைவேல் ஒரு கணம் தவித்தார். "எடது பக்கமுங்க."

தனசேகர் அன்பை நெருங்கி அவன் முகத்தை இடப்பக்கம் திருப்பிக் காட்டினார், வலப்பக்கம் திருப்பிக் காட்டினார். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. மச்சம் இல்லை.

"இருக்கட்டும். அந்த நேரத்துல உங்க மனைவி மயங்கிக் கிடந்தாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்பத்தான் அவங்க இதே கூண்டுல நின்னு, இதே மாதிரி சத்தியம் பண்ணி, நான் மயங்கலைன்னு சொல்லிட்டுப் போறாங்க. உங்க ரெண்டு பேர்ல யாருங்க பொய் சொல்றது? நீங்களா, உங்க வீட்டம்மாவா?"

குழந்தைவேல் பின் பெஞ்சைப் பார்த்தார். கோகிலவாணி அவரைப் பார்க்கவில்லை. சுற்றுகிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொன்னாடை தோளிலேயே இருக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அவளுடைய கழுத்து வெறுமையாக இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கண்ணில் பட்டது போல இருந்தது.

"அவ பொய் சொல்லலீங்க" என்றார். "நாந்தானுங்க."

"என்ன பொய் சொன்னீங்க?"

"எல்லாமேதானுங்க. நான் மல்லுக் கட்டலீங்க. கட்டிலுக்கு அடியில இருந்தேனுங்க."

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு. நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். "கட்டிலுக்கு அருகிலா சார், அடியிலா?"

"அடியிலதானுங்க" என்றார் குழந்தைவேல், எல்லோருக்கும் கேட்கும்படி. "முகத்தைப் பாக்கவே இல்லீங்க. காலைத்தான் பாத்தேனுங்க. அந்த ஷூவைக் கழட்டச் சொல்லுங்கய்யா. வலது கால்ல கட்டைவிரல் மேல அடுத்த விரல் ஏறியிருக்குமுங்க."

தனசேகர் ஆட்சேபித்தார். குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைக்கக் கூடாது என்றார். கால் சாட்சி சொல்லாது, சும்மா இருக்கும் என்றார் அறிவுச்செல்வி. நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு ஷூவைக் கழற்றச் சொன்னார்.

அன்பு குனிந்து அவிழ்க்க ஆரம்பித்தான். ஷூ போட்டுப் பழக்கமில்லாததால் கயிறு முடிச்சு விழுந்துபோயிற்று. தனசேகரின் ஜூனியர் போய் உதவ வேண்டியிருந்தது. சாக்ஸ் உருவி வந்ததும் வக்கீல்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எட்டிப் பார்த்தார்கள். விரல் இருந்தது.

"இந்த மாதிரி விரல் ஊர்ல நூறு பேருக்கு இருக்கும்" என்றார் தனசேகர்.

"எனக்கே இருக்குதுங்கய்யா" என்று கதவருகே நின்ற கோர்ட் டவாலி முன்வந்து, செருப்பைக் கழற்றத் தயாரானார். நீதிபதி அவரைக் கதவருகே திரும்பிப் போகச் சொன்னார்.

அதற்கப்புறம் தனசேகர் ஒரே கேள்விதான் கேட்டார். போலீசிடம் ஒரு கதை, அணிவகுப்பில் ஒரு கதை, இன்றைக்கு ஒரு கதை. கட்டிலுக்கடியில் இருந்தார் என்பதை மட்டும் கோர்ட் எப்படி நம்புவது?

"மியாவ்னு சொன்னேனுங்க" என்றார் குழந்தைவேல். அது ஒரு பதிலா என்று அவருக்கே புரியவில்லை. கோகிலவாணியை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள், பூனை என்று தான் சொன்னதையும் சேர்த்து. புருஷனும் பெண்டாட்டியும் வேப்பமரத்தடியில் பேசிவைத்துக்கொண்டது என்றார் தனசேகர். அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த வாய்தாவில், சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அன்பின் பதிலை நீதிபதி கேட்டார். 'பொய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகும்படி தனசேகர் சொல்லிவைத்திருந்தார்.

"மாசி மாதம் மோகனூரில் சாட்சியின் வீட்டுக்குள் நீங்கள் நுழைந்ததாகச் சொல்கிறார்கள்."

"பொய்ங்கய்யா."

"கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்ததாகச் சொல்கிறார்கள்."

"பொய்ங்கய்யா."

"கட்டிலுக்கடியில் இருந்த இரண்டாம் சாட்சி பூனை போலக் கத்தியதாகச் சொல்கிறார்."

அன்பின் முகம் மாறியது. இத்தனை நாள் ஜெயிலிலும் கோர்ட்டிலும் யார் என்ன சொன்னபோதும் காட்டாத ரோஷம் அதில் ஏறியது.

"பொய்ங்கய்யா. அது நெசமாலுமே பூனைங்க. ஆளு இருந்தா எனக்குத் தெரியாதுங்களா? எத்தனை ஊட்டுக்குப் போயிருப்பேன்! உக்காரும்போதே தெரிஞ்சிருக்குமுங்க."

தனசேகரின் கையிலிருந்து கேஸ் கட்டு நழுவிக் கீழே விழுந்தது.

"எங்கே உட்காரும்போது?" என்று நீதிபதி சாந்தமாகக் கேட்டார்.

"அந்தக் கட்டில்லதானு..." என்று ஆரம்பித்த அன்பு வக்கீலைப் பார்த்தான். வக்கீல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத் தண்டனை கிடைத்தது. பயந்தவன் ஒளிவது இயல்பு, ஒளிந்த இடத்திலிருந்து எது தெரியுமோ அதைத்தான் அவன் பார்க்க முடியும், அதைக் குற்றம் சாட்டப்பட்டவனின் வாய்மொழியே உறுதிசெய்கிறது என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. போலீஸ்காரர்கள் அன்பை அழைத்துப்போகும்போது அவன் குழந்தைவேலின் அருகில் நின்றான்.

"அண்ணா, நெசமாவே நீங்கதானா?"

குழந்தைவேல் தலையாட்டினார்.

"நல்லாப் பண்ணுனீங்க போங்க" என்றான் அன்பு, வருத்தத்தோடு.

மோகனூர் பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் குழந்தைவேல் வெளியே பார்த்தபடியே, "உன்னையும் உள்ள இழுத்திருப்பேன் வாணி. எடமில்ல. வெங்காய மூட்டை..." என்றார்.

"ஒளிஞ்சதை யாருங்க கேட்டா?" என்றாள் கோகிலவாணி. "நீங்க எந்திரிச்சு வந்திருந்தா அவன் குத்தியிருப்பான். அதுக்குத்தானே பூனைன்னேன். என்னை எதுக்கு மயங்க வெச்சீங்க?"

"வாயில வந்துருச்சு."

"ஒரு வருசமாப் பீட்ரூட்டு திங்கறேன். எனக்கு அது புடிக்கவே புடிக்காதுங்க."

"இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"எந்த வாயில சொன்னீங்களோ அதே வாயில ஊடு ஊடாப் போயிச் சொல்லிட்டு வாங்க. அப்புறமாச் சாப்பிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வருடத்தில் அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். குழந்தைவேல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தெருவுக்குப் போனார்.

சௌந்திரம் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ற சம்சாரம் அன்னிக்கு மயங்கலீங்க" என்று அவர் சொன்னதை அவள் முழுவதும் கேட்டாள். "அப்ப அந்த முறத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க, பீட்ரூட்டு போட்டுக் குடுத்தது" என்றாள். எதிர்வீட்டில் யாரும் இல்லை.

அடுத்தது செபஸ்தியான் வீடு. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பருத்த உடம்பு. நடைப்பயிற்சி சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தியதும் அவர்தான். கோர்ட்டில் நடந்தது அவர் காதுக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. குழந்தைவேல் ஆரம்பித்த உடனேயே, "அதெல்லாம் இருக்கட்டுங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் வேறு யாரும் கேட்டுவிடாதபடி கதவைச் சாத்தினார். உள்ளே பெரிய தேக்குக் கட்டில் ஒன்று கிடந்தது.

"காவல் தொழில் பண்றவருங்க நீங்க, உங்களுக்குத் தெரியும்" என்று குரலைத் தாழ்த்தினார். "என்னாட்டம் ஒடம்புக்காரன் இதுக்கு அடியில போக முடியுமுங்களா?"

குழந்தைவேல் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு முழங்காலிட்டுக் குனிந்து கட்டிலுக்கடியில் நோட்டம் விட்டார். உள்ளே இரண்டு சூட்கேஸும் ஒரு மிக்சிப் பெட்டியும் இருந்தன.

"அந்த மிக்சிப் பெட்டியை எடுத்துருங்க" என்றார். "தாராளமாப் போலாம்."